மொரிஸ் மைனரின் அடியில் ஒரு ஈரம்: 12 வருடம் ஓட்டியவனின் அனுபவம்

எங்கள் வீட்டு மொரிஸ் மைனர் 1964ஆம் ஆண்டு வண்டி. 1098 சிசி எஞ்சின், நாலு கதவு. அப்பாவுக்குப் பிறகு 12 வருடமாக நான் ஓட்டுகிறேன். தினமும் கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்கு, மாதத்தில் ஒரு தடவை நுவரெலியாவுக்கு, பிள்ளைகளுக்கு லீவு விட்டால் கண்டி வரைக்கும். எஞ்சினில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தலவாக்கலை தாண்டி நானுஓயாவுக்கு ஏறும்போது அவசரப்படுத்தாமல் விட்டால் தன்பாட்டுக்கு ஏறிவிடும். சாமானுக்கும் தட்டுப்பாடு இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.

தொல்லை எல்லாம் துருவால்தான். அந்தத் துருவை வெட்டி எடுக்கப்போன இடத்தில் ஒரு கசிவு எங்களை ஆறு வாரம் அலைக்கழித்தது. அதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். இந்த வண்டியின் ப்ரேக் ஒரே லைன். ப்ரேக் ஒயில் ஒழுகிப் போனால் நாலு சில்லுக்கும் சேர்த்துத்தான் ப்ரேக் போகும். கையில் மிஞ்சுவது ஹேண்ட் ப்ரேக் மட்டும். நாங்கள் இறங்குவதோ மலைப்பாதை.

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது வண்டி மாதக்கணக்கில் வீட்டு வாசலிலேயே நின்றது. மழையும் பனியும் போதாதா? ட்ரைவர் காலடித் தகடும் அதற்குக் கீழே பெட்டி மாதிரி உள்ளே வெறுமையாகப் போகும் இரும்புச் சட்டமான செஸியின் அடிப்பக்கமும் அரித்துப்போயின. ஒரு கராஜில் கொடுத்துத் தகடு வைத்து வெல்டிங் செய்து பெயின்ட் அடித்தேன். ஒரு மாதத்தில் செஸியின் அடியில் பெயின்ட் கொப்பளித்தது. முன் கண்ணாடி ரப்பரால் மழைத் தண்ணீர் இறங்குகிறது என்றார்கள். ரப்பரை மாற்றினேன். திரும்பவும் பெயின்ட் அடித்தார்கள். திரும்பவும் அதே இடத்தில் கொப்பளித்தது.

பிறகு டிக்கோயாப் பக்கம் டிங்கரிங் செய்யும் வயதான பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் சுத்தியலைத் தொடவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து நகத்தால் ஒரு கீறு கீறினார். அவித்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி பெயின்ட் கையோடு வந்தது. அதன் பின்பக்கம் இருந்த ஈரத்தை விரலில் தேய்த்துப் பார்த்தார். ஒரு துளியைத் தண்ணீர்க் கிளாஸில் விட்டார். எஞ்சின் ஒயிலோ கியர் ஒயிலோ என்றால் மேலே மிதக்க வேண்டும். இது கரைந்தே போய்விட்டது.

“மழத் தண்ணின்னா இப்புடி வழுவழுன்னு இருக்காது சேர். இது ப்ரேக் ஒயில். பெயின்ட்ட உரிச்சிரும்.”

“பெடல் கல்லு மாதிரி நிக்குதே பாஸ்?”

“நிக்கட்டும். மூடியத் தொறந்து பாப்பம்.”

பெடலை மிதித்தால் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுவது மாஸ்டர் பம்ப். மைனரில் அது எஞ்சின் பக்கம் இல்லை. ட்ரைவர் காலடியில், செஸிக்கு உள்ளேயே இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கித் தரையில் உள்ள வட்ட மூடியைக் கழற்றினால்தான் ஒயில் ஊற்றும் வாய் தெரியும். பார்த்தால் மட்டம் ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. முதல் கராஜ்காரர்கள் அதற்குப் பக்கத்திலேயே வெல்டிங் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. சூடேறினால் ப்ரேக் ஒயில் பற்றி எரியும்.

எங்கிருந்து ஒழுகுகிறது என்பதுதான் பெரும்பாடு. நாலு சில்லின் ப்ரேக் ட்ரம்மும் கழற்றினோம், உள்ளே ப்ரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள் காய்ந்து கிடந்தன. பைப் மூட்டுகளிலும் ஈரம் இல்லை. முன்னால் இடது பக்கத்து ஷொக் அப்சோர்பர் இலேசாக நனைந்திருந்தது. இந்த வண்டியில் அது கை வைத்த பழைய வகை, உள்ளே தனியாக ஒயில் இருக்கும். அதன் பின்னால் ஒரு வாரம் வீணாய்ப் போனது. கடைசியில் பாஸ் அடிப்பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவைத்து, குழந்தைகளுக்குப் போடும் பவுடரை மெல்லிதாகத் தூவினார். கீழே பேப்பர் விரித்தோம். மூன்று நாள் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து வழக்கமான சரிவில் நிறுத்தினேன். விடியப் பார்த்தால் பேப்பரில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு வட்டம்! மட்டமான தரையில் தெரியாத கசிவைச் சரிவில் நிறுத்தித்தான் பிடிக்க முடிந்தது. பாஸிடம் சொன்னதும் கராஜிலேயே ஒரு பக்கம் பலகை வைத்து அதே சரிவுக்கு ஏற்றிவிட்டார். டோர்ச் அடித்துப் பார்த்தோம். துளி விழுந்தது செஸியில் இருந்த ஒரு ஓட்டையால். பவுடரில் விழுந்த ஈரக் கோடோ அங்கிருந்து ஒரு முழம் தள்ளி, மாஸ்டர் பம்பின் ரப்பர் உறை வரைக்கும் போனது.

பெடல் ஏன் இறங்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. பம்புக்குள் இரண்டு ரப்பர் வொஷர். அழுத்தத்தைத் தாங்கும் வொஷர் நன்றாகவே இருந்தது. தொட்டியில் உள்ள ஒயில் பெடல் பக்கம் வராமல் தடுக்கும் மற்ற வொஷர்தான் போயிருந்தது. அதனால் மிதித்தால் ப்ரேக் பிடிக்கும், சும்மா நிற்கும்போது சொட்டும்.

பம்பைக் கழற்றுவது லேசான வேலை இல்லை. போல்ட்டை வெளியே இழுக்க விடாமல், முன் சில்லுக்கு ஸ்ப்ரிங்காக இருக்கும் இரும்புத் தண்டான டோர்ஷன் பார் குறுக்கே நிற்கிறது. அதை நகர்த்தத்தான் ஒரு நாள் முழுக்கப் போனது. கழற்றிக் கவிழ்த்தபோது வந்த ஒயில் ப்ளேன்டீ நிறம். சிலிண்டரின் உட்சுவரில் ஊசி குத்தியது போல வரிசையாகக் குழிகள். ப்ரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். எங்கள் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? வண்டி நின்ற மாதங்களில் அந்த ஈரம் இரும்பைத் தின்று, குழியில் உரசிய வொஷர் கிழிந்திருக்கிறது. ஈரம் ஏறினால் கொதிநிலையும் இறங்கும். டொட் 3 என்ற வகை ப்ரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 205 பாகை செல்சியஸ் தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 பாகைதான். நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது ப்ரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன்.

சிலிண்டருக்கு உள்ளே ஸ்லீவ் (புதுக் குழாய்) போட்டு, புது வொஷர் செட் மாற்றினோம். போல்ட்டுகளைப் பாஸ் மறுபுறமாகத் திருப்பிப் போட்டார், அடுத்த தடவை டோர்ஷன் பாரைத் தொட வேண்டியதில்லை. பிறகு பழைய பேட்ச்சை வெட்டி எறிந்து, செஸிக்குள் நாலைந்து தடவை தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டுத்தான் வெல்டிங். தின்னரால் துடைத்து ப்ரைமர் அடித்தது அதற்கும் பிறகு.

தென்மேல் பருவமழை முழுக்க ஓட்டியாகிவிட்டது. பெயின்ட் அப்படியே இருக்கிறது. ஒயிலை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ப்பெட்டைத் தூக்கி மட்டம் பார்க்கிறேன், இன்னும் இறங்கவில்லை. இடது முன் ஷொக் அப்சோர்பர் மட்டும் இன்னும் இலேசாக நனைகிறது. அதைத் தை மாதத்தில் கழற்றுவோம் என்று பாஸ் சொல்லியிருக்கிறார்.