எட்டு மாதம் ஓடிய கால்சியம் ரியாக்டர்: வால்வு மட்டும்தான் மோசம்

என் கடல்நீர் மீன்தொட்டியில் அக்ரோபோரா என்கிற கல்பவளங்கள் பெருக ஆரம்பித்ததும் இரண்டு பாட்டில் டோசிங்கால், அதாவது கால்சியத்தையும் காரத்தன்மையையும் தனித்தனிக் கரைசலாக ஊற்றுகிற முறையால், ஈடுகொடுக்க முடியவில்லை, கரைசல் கலக்கிக் கலக்கியே அலுத்துப்போய்த்தான் அவை இரண்டையும் கல்லிலிருந்து கரைத்துத் தொட்டிக்குத் தரும் இந்த ஒற்றை அறை ரியாக்டரை வாங்கினேன்.

உள்ளே நடப்பது இதுதான். உருளை நிறைய அராகோனைட் துண்டுகள், அதாவது பழைய பவளத்தின் எலும்பு. தொட்டித் தண்ணீர் அதற்குள் சுற்றிக்கொண்டே இருக்க, கார்பன் டை ஆக்சைடு குமிழ் குமிழாக இறங்கி பி.ஹெச். அளவை 6.5 பக்கம் கொண்டுவரும், கல் கரையும், கால்சியமும் காரத்தன்மையும் பவளம் எடுத்துக்கொள்கிற கிட்டத்தட்ட அதே விகிதத்தில் சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில்) வந்து சொட்டும். அதனால் ஏற்கெனவே கோணலாக இருக்கும் அளவுகளை இது நிமிர்த்தாது. முதலில் அந்த டோசிங் கரைசல்களையே ஊற்றி கால்சியத்தை 420 பி.பி.எம்., காரத்தன்மையை 8.5 டி.கே.ஹெச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) என்று நிறுத்திவிட்டுத்தான் இதை ஓட விட்டேன்.

சுற்றும் பம்ப் சத்தமே இல்லை, மூடியில் ஒரு சொட்டு கசிவில்லை. ஆனால் வெளியேறும் குழாயில் கொடுத்திருக்கும் அந்தக் குட்டி பிளாஸ்டிக் வால்வு! மெல்லிய சுண்ணாம்புப் படிவு அடைத்துச் சொட்டு குறைந்துபோனது, வாயு மட்டும் அதே வேகத்தில் இறங்கியது. காலையில் பார்த்தால் உள்ளே பி.ஹெச். 6-க்கும் கீழே, கற்கள் குழைந்து அரைத்த மாவு மாதிரி அடியில் அப்பிக் கிடந்தன. பி.ஹெச். கண்ட்ரோலர் இருந்திருந்தால் சொலினாய்டை (மின்சாரத்தில் இயங்கும் வாயு வால்வை) மூடி வாயுவை நிறுத்தியிருக்கும், அப்போது என்னிடம் இல்லை. இப்போது அதையும் மாட்டியாயிற்று, வால்வைக் கழற்றிவிட்டு பெரிஸ்டால்டிக் பம்ப் (குழாயை அழுத்தி அழுத்தித் தண்ணீரைச் சீராக நகர்த்தும் பம்ப்) வைத்துத் தண்ணீரை வெளியே இழுக்கிறேன். மூன்று மாதமாக ஒரே சீராக ஓடுகிறது, காரத்தன்மை 8.3-க்குக் கீழே இறங்கவில்லை. இந்த பம்பைத் தயாரிப்பாளரே சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, கல்லைக் கரைக்காமல் மிஞ்சும் வாயு தொட்டிக்கும் வந்துவிடும். விடியற்காலையில் தொட்டியின் பி.ஹெச். 7.8 வரை இறங்கியது. அதே கல் நிரப்பிய இரண்டாவது அறை ஒன்றைப் பின்னால் இணைத்தேன், மிச்ச வாயு அங்கேயே தீர்ந்து இப்போது 8.0-ல் நிற்கிறது.

மென்பவளம் மட்டும் வளர்ப்பவர்களுக்கு இது வேண்டாம், தண்ணீர் மாற்றினாலே போதும். கல்பவளம் நெருங்கி வளர்ந்த பெரிய தொட்டிக்குத் தாராளமாக வாங்கலாம், அந்த வால்வை மட்டும் முதல் நாளே கழற்றிவிடுங்கள்.