வெற்றுத் தேடல்: எல்லாம் காட்டுவதா, தடுப்பதா?

தேடல் பெட்டியில் எதையும் தட்டாமல் என்டர் அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று பல செயலிகளில் யாரும் முடிவெடுப்பதே இல்லை. அந்த முடிவைத் தரவுத்தளம் எடுத்துக்கொள்கிறது. தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லின் லைக் நிபந்தனையில், ‘இங்கே எதுவும் வரலாம்’ என்று பொருள்படும் இரு சதவீதக் குறிகளுக்கு நடுவே பயனர் தந்த சொல்லை ஒட்டுகிறோம். அது காலியாக வந்தால், அந்தப் புலத்தில் மதிப்புள்ள எல்லா வரிசைகளும் பொருந்திவிடும். தேடலுக்கென்றே உள்ள எலாஸ்டிக்சர்ச் மென்பொருளின் மேட்ச் வினவலோ இயல்பு அமைப்பில் ஒன்றையும் தராது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், திரையில் எதுவும் மாறாமலே தளத்தின் நடத்தை தலைகீழாகிவிடும்.

இருக்கும் வழிகளில் எனக்குச் சற்றும் பிடிக்காதது, சொல் வரும்வரை பட்டனை முடக்கி வைப்பது. டேப் விசையில் நகர்பவருக்கு அந்தப் பட்டன் சிக்கவே சிக்காது. என்டர் அழுத்தினாலும் படிவம் போகாது; ஏன் என்று சொல்லவும் ஆளில்லை.

புலத்தைக் காலியாக விடக்கூடாது என்று எச்டிஎம்எல்லில் குறிக்கும் ரிக்வயர்டு பண்பு அதைவிடத் தேவலை. எச்சரிக்கையை பிரவுசரே காட்டிவிடும். ஆனால் ஒரே ஒரு இடைவெளியைத் தட்டினாலும் அது விட்டுவிடும். அதனால் சர்வரிலும் டிரிம் செய்தாக வேண்டும், அதாவது முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் டிரிம், யூ+200பி என்ற அகலமில்லா இடைவெளியை நீக்காது. வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும் எழுத்துகளோடு அது ஒளிந்து வரக்கூடும்.

தடுப்பதே சரியான இடமும் உண்டு. கூகுள் முகப்பில் வெற்றாக அழுத்தினால் பக்கம் அசையாது. இணையம் முழுவதையும் பட்டியல் போட்டு யாருக்கு என்ன பயன்? விக்கிப்பீடியா இன்னும் பக்குவமாக நடந்துகொள்கிறது: தனித் தேடல் பக்கத்துக்குக் கூட்டிப்போய், விரிவான தேர்வுகளை முன்னால் வைக்கிறது. பெரிய தொகுப்புகளுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

தொகுப்பு சிறியது, அல்லது வடிகட்டிகள் இருக்கின்றன என்றால் எல்லாவற்றையும் காட்டுங்கள். நூலகப் பட்டியலில் ஒருவர் மொழி தமிழ், ஆண்டு 2019 என்று தேர்ந்தெடுத்துவிட்டு, சொல்லைக் காலியாக விடுகிறார். அவர் கேட்பது தெளிவாகவே இருக்கிறது. அவரிடம் ‘தேடுசொல் தேவை’ என்று சிவப்பில் காட்டுவது அநியாயம். ‘முடிவுகள் இல்லை’ என்பது அதைவிட மோசம், ஏனென்றால் அது பொய்.

எல்லாம் காட்டும்போது வரிசையைக் கவனிக்க வேண்டும். சொல்லே இல்லாதபோது பொருத்தத்தை எதை வைத்து அளப்பது? எலாஸ்டிக்சர்ச்சில் மேட்ச்-ஆல் வினவல் எல்லா ஆவணங்களுக்கும் 1.0 என்ற ஒரே மதிப்பெண்ணைத்தான் தரும். ஆகவே தேதியோ பெயரோ வைத்து நாமே அடுக்க வேண்டும். பக்கம் பக்கமாகப் பிரிப்பதும் கட்டாயம். எலாஸ்டிக்சர்ச்சின் வழக்கமான பக்கமாக்கலில் இயல்பு வரம்பு 10,000 முடிவுகள். அதைத் தாண்டிக் கேட்டால் பிழைதான் திரும்பும்.

கடைசியாகப் பக்கத்தின் இணைய முகவரியைப் பாருங்கள். தேடுசொல்லைச் சுமக்கும் க்யூ அளவுரு அதில் இல்லவே இல்லை என்றால் பயனர் இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறார். எந்த எச்சரிக்கையும் வேண்டாம். அளவுரு இருந்து மதிப்பு மட்டும் காலி என்றால், அவர் தேடலை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார். பல நிரல்களில் இரண்டும் ஒரே இஃப் நிபந்தனைக்குள் போய்விடுகின்றன. பக்கத்தைத் திறந்ததுமே பிழைச்செய்தி முகத்தில் அறைவது அதனால்தான்.