அடுக்குச் சட்டியா, பாய்ப்பா, பெயிண்ட் டோங்கா? சுவரோரத்து இரண்டடிக்கு ஒரு மண் கணக்கு

சுவரோரத்து இரண்டடி இடத்தில் கீரை, மிளகாயை அடுக்கி வளர்க்க ஐந்து வழி உண்டு: இணையத்தில் விற்கும், தட்டுக்கு மூன்று செடிக்குழி இதழ்போல விரிந்த அடுக்குச் சட்டி, ஆறு அங்குலப் பிவிசி பாய்ப்பு (குழாய்), பழைய பெயிண்ட் டோங் (வாளி), நர்சரி பாலிபேக், வேலியில் கட்டித் தொங்கவிடும் மினரல் பாட்டில். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஏதாவது ஒரு தாமானுக்குள் (வீட்டுக் குடியிருப்புக்குள்) சுற்றி வந்தால் இவற்றில் குறைந்தது இரண்டு கண்ணில் படும். எது மலிவு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நான் விலையை வைத்து ஒப்பிடவில்லை. ஒரு செடியின் வேருக்கு எத்தனை லிட்டர் மண் கிடைக்கிறது என்பதுதான் என் அளவுகோல். இரண்டு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால் கீரை உயிரோடு இருக்குமா இல்லையா என்பதை அந்த லிட்டர்தான் முடிவு செய்கிறது.

பாட்டிலை முதலிலேயே தள்ளிவிடலாம். ஒன்றரை லிட்டர் பாட்டிலைப் படுக்கவைத்து வயிற்றை வெட்டினால் ஒரு லிட்டர் மண்கூட நிற்காது. மத்தியானம் அது சூடேறிக் காயும், சாயங்கால மழையில் போட்ட உரமெல்லாம் கழுவிக்கொண்டு போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அறிவியல் பாடத்துக்குச் சரி, குழம்புக்கு ஆகாது.

அடுக்குச் சட்டியில் செடிக்குக் கிடைக்கும் மண்ணும் அப்படி ஒன்றும் அதிகமில்லை. சிறிய ரகத்தில் ஒரு தட்டுக்கு மூன்று நான்கு லிட்டர். மூன்று இதழுக்கும் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு லிட்டர் சொச்சம். ஆனால் நடுவில் மண் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால் பக்கத்து இதழின் ஈரத்தையும் வேர் தேடிப்போய் எடுத்துக்கொள்ளும். மேல்தட்டு கீழ்த்தட்டின் நடுப்பகுதியை மூடி நிழல் தருகிறது. அடுக்கும்போது ஒவ்வொரு தட்டையும் அரைத் திருப்பு திருப்ப வேண்டும். மேலே உள்ள இதழ் கீழே உள்ள இரண்டு இதழ்களின் இடைவெளிக்கு நேராக வரவேண்டும். இல்லாவிட்டால் கீழே இருக்கும் கீரை வெயிலைத் தேடி வெளியே நீட்டி வெளுத்துப்போகும்.

இந்தச் சட்டியின் உண்மையான தொல்லை தண்ணீர். உச்சியில் ஊற்றினால் ஓட்டை வழியாக இறங்கி எல்லாத் தட்டும் நனையும் என்று விளம்பரத்தில் காட்டுவார்கள். நடப்பில் மேல்தட்டு காற்றிலும் வெயிலிலும் முதலில் காயும். அடித்தட்டு சொதசொதவென்று கிடக்கும், மேலே போட்ட உரமும் அங்கே போய்ச் சேரும். இதை எதிர்த்துப் போராடாமல் செடியை அதற்கேற்ப வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். உச்சியில் கற்பூரவல்லி, நடுவில் புதினா, பாயம் (தண்டுக்கீரை வகை), சாவி (கடுகுக்கீரை வகை), அடியில் கங்கோங் கீரை, வல்லாரை. கங்கோங் விதை போட்டு மூன்று நான்கு வாரத்தில் அறுக்கலாம். மிளகாயும் கத்தரியும் இதில் வைத்தால் பூக்கும், காய் பிடிக்கத் தெம்பு இருக்காது. கறிவேப்பிலையை நினைக்கவே வேண்டாம்.

பாய்ப்புக் கோபுரம் பார்ப்பதற்கு எல்லாவற்றையும்விட லட்சணம். ஆறு அங்குலப் பாய்ப்பில் ஐந்தடி நிறுத்தினால் ஏறக்குறைய 27 லிட்டர் மண் பிடிக்கும். பதினைந்து வாய் திறந்தாலும் எல்லா வேருக்கும் ஒரே தூண். கணக்கில் அடுக்குச் சட்டியை இது ஜெயித்துவிடுகிறது. வேலையில் தோற்கிறது. ரம்பத்தால் கீறி, சூடுகாட்டி, வாய் பிளக்கவேண்டும்; பிவிசி கருகினால் வரும் புகை மூச்சுக்குக் கெடுதல், வீட்டுக்குள் செய்யக்கூடாது. நடுவே ஓட்டை போட்ட சிறு பாய்ப்பு ஒன்றை இறக்காவிட்டால் தண்ணீர் பாதியோடு நின்றுவிடும். மண் இறுகினாலோ வேர் அழுகினாலோ முழுத் தூணையும் கவிழ்த்துத்தான் சரிபார்க்க முடியும். அடுக்குச் சட்டியில் அந்த ஒரு தட்டை மட்டும் கழற்றினால் போதும்.

அடுக்கி வைப்பவற்றில் மண் கணக்கில் ராஜா பெயிண்ட் டோங்தான். 18 லிட்டர் டோங்கின் அடியில் துளை போட்டு, மண் நிரப்பி, நடுவில் ஒரு சிறிய டோங்கை உட்காரவைத்தால் அதுவே இரண்டடுக்கு. கீழ் விளிம்பைச் சுற்றி மிளகாய், மேலே கீரை. தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட் டோங்காகப் பார்த்து எடுத்துத் தேய்த்துக் கழுவுங்கள். தின்னர் வாடை அடிப்பதை விட்டுவிடுங்கள்.

எஸ்டேட் ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். களைக்கொல்லி வந்த வெள்ளை, நீல டோங்குகள் இங்கே சும்மா கிடைக்கும், கெட்டியாகவும் இருக்கும். எஸ்டேட்டில் மருந்தடித்தே ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் எங்கள் வீட்டு வரிசையில் இருக்கிறார். அப்படி ஒன்றை நான் புரட்டிப் பார்த்தபோது, “அத வச்சிட்டுப் போப்பா. எத்தனை வாட்டி கழுவுனாலும் மருந்து டோங்கு மருந்து டோங்குதான்” என்றார். மலேசியாவில் பாராக்குவாட் என்ற நச்சுக் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் தடை. ஆனால் ஸ்டோர் மூலையில் கிடக்கும் பழைய டோங்கில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? நாம் தின்னும் செடிக்கு அது வேண்டவே வேண்டாம்.

பாலிபேக் அடுக்கி நிற்காது, படி கட்டித்தான் வைக்கவேண்டும். செங்கல்லும் இரண்டு பலகையும் போதும். நர்சரியில் எண்ணெய் தரும் செம்பனைக் கன்று பெரிய பையில் ஒரு வருடம்போல நிற்கும்; அந்த 15-க்கு 18 அங்குலப் பையில் 15 லிட்டருக்கு மேல் மண் போகும். பையின் விலை ஒன்றுமே இல்லை. மூன்று நான்கு மிளகாய்ச் செடி போதும் என்பவர்கள் வேறெதையும் தேடவேண்டியதில்லை.

எதை எடுத்தாலும் செலவு வைப்பது உள்ளே போகும் கலவைதான். முற்றத்துச் செம்மண்ணை மட்டும் நிரப்பினால் தட்டு கனத்துப் பிளக்கும், காய்ந்தால் கல்லாகும். தேங்காய்நார்த் தூள், உமிக்கரி, மக்கிய உரம் மூன்றும் சேர்ந்தால் இலேசாக இருக்கும். நார்த்தூளை உப்புப் போக அலசிவிட்டுச் சேருங்கள். செம்பனை மில்லில் பழம் உதிர்த்தபின் மிஞ்சும் குலைச் சக்கை மக்கியது கிடைத்தால் விடாதீர்கள். அப்படியும் ஈரமான மண் லிட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து தட்டு என்றால் இருபது கிலோ, பாய்ப்பு என்றால் முப்பதை நெருங்கும். அடுக்குமாடிக் கைப்பிடிச் சுவரில் அதை ஏற்றாதீர்கள்.

தமிழ்நாட்டு வீடியோக்களில் வெயிலுக்குத் தெற்குச் சுவரைச் சொல்வார்கள். நமக்கு அது பாதி வருடத்துக்குத்தான் பொருந்தும். ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம்வரை மத்தியானச் சூரியன் இங்கே வடக்கே சாய்ந்து நிற்கும். கிழக்குச் சுவர் எப்போதும் நல்லது. அடுக்குச் சட்டி வாங்கியவர்கள் வாரத்துக்கொரு முறை கோபுரத்தைச் சற்றுத் திருப்பிவிடலாம். 

அடித்தட்டுக்குக் கீழே வரும் தண்ணீர்த் தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது மணலால் நிரப்புங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். வீட்டுச் சட்டியில் கொசுப்புழு இருந்தால் 1975-ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி சுகாதார இலாகா காம்பவுண்டு (அபராதம்) எழுதலாம். சில அடுக்குச் சட்டிகளுக்கு நடுவே வரும் குழாய்க்குள்ளும், கவிழ்க்காமல் கிடக்கும் உதிரித் தட்டுகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் தேங்குவது பெரும்பாலும் அங்கேதான்.