டெக்சஸ் ரேட்டு, ஜெர்மன் ரேட்டு: வருஷ பில்லுல யாரு ஜெயிக்கறா?

அமெரிக்கால பெட்ரோல் கொள்ளை மலிவு, ஜெர்மனில டேங்க ரொப்பினா பர்ஸ் காலின்னு எல்லாரும் சொல்லுவாங்க, லிட்டர் ரேட்ட மட்டும் பாத்தா அது உண்மைதான். ஆனா வருஷம் முடியுறப்போ பாக்கெட்டுல இருந்து மொத்தமா எவ்ளோ போச்சுன்னு கணக்கு போட்டா கதையே வேற. டெக்சஸையும் ஜெர்மனியையும் எடுத்துக்கறேன், ஏன்னா ரெண்டுமே கார் பைத்தியம் புடிச்ச ஊருங்க. ஆம்ஸ்டர்டாம எடுத்து வெச்சு சைக்கிள் புராணம் பாடினா அது நியாயமான போட்டி இல்ல.

கச்சா எண்ணெய் ரெண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே விலைதான், வித்தியாசம் பூரா வரில. அமெரிக்க மத்திய அரசோட வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993ல வெச்சது இன்னும் அப்படியே இருக்கு. டெக்சஸ் மாநிலம் அதுக்கு மேல 20 சென்ட், அதுவும் 1991ல இருந்து மாறல. ஒரு கேலன் 3.785 லிட்டர், அப்ப லிட்டருக்கு வரி மொத்தமே சுமார் 10 சென்ட். ஜெர்மனில எரிசக்தி வரி மட்டுமே லிட்டருக்கு 65.45 யூரோ சென்ட், அதுக்கப்புறம் கார்பன் கட்டணம், கடைசில எல்லாத்துக்கும் மேல 19 சதவீதம் வாட். ஆமா, வரிக்கும் சேத்துதான் வரி.

இப்ப கணக்குக்கு வருவோம். அமெரிக்கால ஒரு டிரைவர் சராசரியா வருஷத்துக்கு 13,500 மைல் கிட்ட ஓட்டறார், அதாவது 21,000 கிலோமீட்டருக்கு மேல. வண்டி கேலனுக்கு 25 மைல் குடுக்குது, பெட்ரோல் கேலன் 3 டாலர்னு வெச்சுக்கோங்க, 540 கேலன், 1,620 டாலர். ஜெர்மன் கார் ஒண்ணு வருஷத்துக்கு 12,000 சொச்சம் கிலோமீட்டர் ஓடும், 12,500ன்னே போடுவோம், நூறு கிலோமீட்டருக்கு ஏழரை லிட்டர், லிட்டர் 1.70 யூரோ, வந்து நிக்கறது சுமார் 1,590 யூரோ. யூரோவுக்கு மதிப்பு கொஞ்சம் கூடங்கறதால ஜெர்மன்காரர் கொஞ்சம் அதிகமா குடுக்கறார்தான், ஆனா லிட்டர் ரேட்டுல இருந்த ரெண்டு மடங்கு வித்தியாசம் பில்லுல காணாம போயிடுச்சு பாருங்க. ஒருத்தர் எரிக்கறது 2,000 லிட்டர தாண்டுது, இன்னொருத்தர் 940 கூட இல்ல.

இது ஜெர்மன்காரங்க ரொம்ப சிக்கனமானவங்கங்கறதால இல்ல. ஊர கட்டின விதம் அப்படி. டெக்சஸ்ல வீடு ஒரு கோடி, ஆபீஸ் மறு கோடி, பால் பாக்கெட் வாங்கணும்னாலும் சாவிய எடுக்கணும், ஹூஸ்டன்ல கேட்டி ஃப்ரீவே சில இடத்துல சர்வீஸ் ரோடெல்லாம் சேத்து 26 லேன் வரைக்கும் போகுது. ரோடும் பார்க்கிங்கும் அந்த சைஸ்ல இருந்தா ஃபோர்டோட எஃப் 150 பிக்கப் டிரக் வாங்கறது ஒண்ணும் தப்பா தெரியாது, நாலு கதவு மாடல் கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளம். அத ஜெர்மனில ஒரு பழைய ஊரோட அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்ல இறக்கிப் பாருங்க, மொத வளைவுலயே மாட்டிக்கும். அங்க ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் மாதிரி சின்ன கார் ஓடறதுக்கு பெட்ரோல் விலை ஒரு காரணம்னா சந்து சைஸ் இன்னொரு காரணம்.

பங்க்குலயும் பழக்கம் வேற வேற. டெக்சஸ்ல பம்புலயே கார்ட சொருகி, பில்லிங் அட்ரஸோட ஜிப் கோட தட்டினாதான் பெட்ரோல் வரும், வெளிநாட்டு கார்டோட போறவங்க அங்கயே முழிச்சிட்டு நிப்பாங்க. பக்கீஸ்னு ஒரு கடை இருக்கு, நியூ பிரான்ஃபெல்ஸ்ல அவங்களுக்கு ஒரே இடத்துல 120 பம்பு. ஜெர்மனில மொதல்ல ரொப்பு, பம்பு நம்பர ஞாபகம் வெச்சுக்கோ, உள்ள போய் காசு குடு. பங்க்குங்க விலைய மாத்தினா உடனே அரசுக்கு சொல்லணும்னு 2013ல இருந்து ரூல், அந்த விலை ஆப்ல வந்துடும், அதனால ஜனங்க ஆப்ப பாத்து மூணு சென்ட் கம்மியா இருக்கற பங்க்குக்கு வண்டிய திருப்பறாங்க. ஆட்டோபான்ங்கற ஜெர்மன் ஹைவே ஓரத்துல இருக்கற பங்க்குல ரொப்பறவங்கள கொஞ்சம் பாவமாதான் பாப்பாங்க, அங்க ரேட்டு அவ்ளோ கூட.

ஆனா ஒண்ணு, இவ்ளோ சென்ட் கணக்கு பாக்கற அதே நாட்டுலதான் ஆட்டோபான்ல பல இடத்துல ஸ்பீட் லிமிட்டே கிடையாது, 130 வெறும் பரிந்துரை. 130ல போறதுக்கும் 180ல போறதுக்கும் காத்தோட எதிர்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடும், பெட்ரோலும் அதுக்கேத்த மாதிரி குடிக்கும். அப்படி யாரு போறான்னு பாத்தா நெறைய பேரு கம்பெனி கார் வெச்சிருக்கறவங்க, ஃப்யூவல் கார்டும் கம்பெனியோடது. சொந்தக் காசு இல்லன்னா ஜெர்மன்காரரும் டெக்சஸ்காரர்தான், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

விலை எகிறும்போது யாருக்கு வலி அதிகம்னா டெக்சஸ்காரருக்குதான். வரி கம்மிங்கறதால கச்சா எண்ணெய் ஏறினா அது நேரா பம்பு விலைல அடிக்கும். 2022 ஜூன்ல அமெரிக்க சராசரி மொத தடவையா கேலனுக்கு 5 டாலர தாண்டினப்போ எவ்ளோ கூச்சல். ஜெர்மனிலயும் கூச்சல் இருந்துச்சு, ஆனா அங்க அரசு கைல குறைக்கறதுக்கு வரின்னு ஒண்ணு இருந்துச்சு, மூணு மாசத்துக்கு ஐரோப்பிய யூனியன் குறைஞ்சபட்சமான 35.9 சென்டுக்கு இறக்கினாங்க, கூடவே மாசம் 9 யூரோவுக்கு ட்ரெய்ன் பஸ் டிக்கெட்டும் விட்டாங்க.

டெக்சஸ்ல வீட்டுல வேலைக்கு போற ரெண்டு பேருன்னா ரெண்டு கார், வேற வழியே இல்ல. ஜெர்மன் நகரத்துல ஒரு காரோட நிறுத்திட்டு இன்னொருத்தர் டாய்ச்லாண்ட் டிக்கெட்ல, அதாவது நாடு முழுக்க உள்ளூர் ட்ரெய்ன் பஸ்ல செல்லற மாச பாஸ்ல, போயிடலாம், 2023ல மாசம் 49 யூரோவுக்கு ஆரம்பிச்சது, 2025ல 58 ஆச்சு, அப்பவும் ஒரு காரோட இன்சூரன்ஸ் செலவ நெனச்சா லாபம்தான். கிராமத்துல இருக்கறவங்க பாடுதான் திண்டாட்டம். மணிக்கு ஒரு பஸ், ஆபீஸ் 40 கிலோமீட்டர், அதுக்கு வருமான வரில கழிவு கிடைக்கும்தான், ஆனா அவங்க ஓட்டறது டெக்சஸ் தூரம், குடுக்கறது ஜெர்மன் ரேட்டு.