கண்ணாடி முன் ஆறு வாரம்: கோத்தகிரியில் ஒரு பயிற்சி வகுப்பு

தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்துவரும் நான், தீராத கழுத்து வலிக்காக, இயன்முறை மருத்துவர் ஒருவர் உட்காரும், நிற்கும் விதத்தைத் திருத்துவதற்காகக் கோத்தகிரியில் சனிக்கிழமைதோறும் நடத்தும் வகுப்பில் ஆறு வாரம் பயின்றேன். நிமிர்ந்து உட்காருங்கள் என்று அறிவுரை சொல்லி அனுப்பிவிடுவார் என எண்ணியிருந்தேன், நடந்தது வேறு.

முதல் நாள் கண்களை மூடச் சொல்லி, என் தலையை மெல்லப் பிடித்து நேராக்கினார். தலை இடப்பக்கம் சாய்ந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. கண்ணைத் திறந்தால், கண்ணாடியில் அது நேராகத்தான் இருந்தது. அதற்கு அவர் தந்த விளக்கமே இந்த வகுப்பின் உயிர். தசைகளுக்குள் இருக்கும் நுண்ணிய உணர்விகள், தசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை மூளைக்கு ஓயாமல் தெரிவிக்கின்றன. மண்டையோட்டின் அடியில் உள்ள சிறு கழுத்துத் தசைகளில் இவை மிக நெருக்கமாக உள்ளன. இந்தச் செய்தியோடு, சமநிலையை உணரும் உட்செவியும் கண்ணும் தருவதைச் சேர்த்தே உடல் எப்படி இருக்கிறது என்று மூளை கணிக்கிறது. பல ஆண்டுகள் கோணலாகவே இருந்து பழகியவருக்கு அந்தக் கோணலே நேராகப் படுகிறது. ஆகவே உணர்வை மட்டும் நம்பித் திருத்த முயன்றால் மறுபடியும் கோணலுக்கே போய்ச் சேர்வோம். 1869இல் பிறந்த ஆஸ்திரேலிய நடிகர் எஃப். எம். அலெக்சாண்டர், மேடையில் குரல் கம்மியதன் காரணத்தைத் தேடி, பேசத் தொடங்கும்போது தாம் தலையைப் பின்னுக்கு இழுப்பதைக் கண்டறிந்ததும் கண்ணாடியின் துணையால்தான்.

மலையில் வாழும் நமக்கென்றே ஒரு பாடமும் உண்டு. உறைபனிக் காலத்தில் தோள்களைக் காதுவரை தூக்கிக் குறுகி நடக்கிறோம். வெயில் ஏறிய பிறகும் அவை இறங்குவதில்லை. மூச்சை நிதானமாக வெளியே விட்டபடி தோளைத் தளர்த்தும் பயிற்சி எனக்கு எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது. மனப் படபடப்பும் அதனோடு தணிந்தது.

ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கைகளை இடுப்பில் ஊன்றி அகன்று நின்றால் ஹார்மோன்களே மாறித் துணிவு பிறக்கும் என்று நான்காம் வாரம் கற்பித்தார். அது 2010இல் வெளியான ஓர் ஆய்வின் கூற்று. 2015இல் 200 பேரிடம் மீண்டும் சோதித்தபோது ஹார்மோன் மாற்றம் காணப்படவில்லை, தெம்பாக உணர்ந்ததாக மட்டுமே அவர்கள் கூறினார்கள். இவ்வளவு கவனமாகப் பாடம் நடத்துபவர் அந்தப் பகுதியை நீக்கிவிட வேண்டும்.

கட்டணம் வகுப்புக்கு 300 ரூபாய். கை மரத்துப்போகிறது என்பவர்களை முதலில் மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறார். அந்தப் பொறுப்புணர்வை மதிக்கிறேன். எனக்கு வலி முற்றிலும் போகவில்லை என்றாலும் மாலையில் மாத்திரை தேடுவது நின்றிருக்கிறது. முதுகில் இலைச் சுமையோடு நாள் முழுதும் சரிவில் நிற்கும் தோட்டத்துப் பெண்களும் வரக்கூடிய வகையில், ஞாயிற்றுக்கிழமை குறைந்த கட்டணத்தில் ஒரு வகுப்பு நடத்துமாறு அவரிடம் கேட்டிருக்கிறேன்.