பேன் தொல்லை: ஈரச் சீப்பா, பெர்மெத்ரினா?

ஊட்டிக் குளிரில் ஈரத் தலையோடு பிள்ளையை அரை மணி நேரம் உட்கார வைப்பதுதான் சீப்பு முறையின் பெரிய தொல்லை. வெயில் ஏறியதும் பதினொரு மணிவாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டிஷனரைத் தாராளமாகத் தடவினால் பேன் வேகமாக ஓடாது. உலோகப் பேன் சீப்பைத் தலைத்தோலில் படும்படி வைத்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடையுங்கள். 1, 5, 9, 13ஆம் நாட்களில் செய்யவேண்டும். நடுவே விட்டால் பொரித்த குஞ்சு வளர்ந்து மறுபடி ஈர் வைக்கும்.

பெர்மெத்ரின் என்பது தலையில் தடவும் பேன் மருந்து. 1% பெர்மெத்ரினுக்கு 10 நிமிடம் போதும். பலர் கோட்டைவிடுவது அதற்கு முன்னால்தான்: கண்டிஷனர் போட்ட முடியில் மருந்து சரியாக ஒட்டாது, சொட்டச் சொட்ட ஈரமிருந்தால் நீர்த்துவிடும். வெறும் ஷாம்பு போட்டு, துவட்டிவிட்டுத் தடவுங்கள். அலச வெதுவெதுப்பான நீர் போதும். மலைப் பழக்கத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மருந்து தோல் வழியே கூடுதலாக இறங்கும். ஈர் முழுதும் சாகாது, ஆகவே 9ஆம் நாள் மறுபடி. 12 மணி நேரம் கழித்தும் பேன் துள்ளலாக ஓடினால் அது மருந்துக்கு மசியாத ரகம். மேலும் பூசாமல் சீப்புக்கு மாறுங்கள். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குச் சீப்பு மட்டுமே.

எதுவானாலும், ஒரே கம்பளிக்குள் படுப்பவர்கள் எல்லார் தலையையும் அன்றே பார்த்துவிடுங்கள், பாட்டி உட்பட.