6 சென்டில் தரைக்கு அடியில் பார்க்கிங்: பைலிங் வேலை எப்படி?

நம்ம ஊரில் பேஸ்மென்ட் என்றால் கொத்தனார் நினைப்பது மண் நிரப்பித் தரைக்கு மேலே எழுப்புகிற மேடையைத்தான், அதனால் "அதில்லை அண்ணாச்சி, தரைக்குக் கீழே 10 அடி, வண்டி நிறுத்த" என்று வந்த ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். நாகர்கோவில் வடசேரிப் பக்கம் 6 சென்ட், இரண்டு பக்கமும் ஒட்டினாற்போலப் பழைய வீடுகள், கொஞ்சம் தள்ளிக் குளம்.

முதலில் பார்த்த கான்ட்ராக்டர் ஜேசிபி விட்டு மொத்தமாகத் தோண்டிவிடலாம் என்றார். விலை குறைவுதான். ஆனால் மண் தானாக நிற்கச் சரிவு விட்டுத் தோண்டணும், அந்தச் சரிவு நேரே பக்கத்து வீட்டு அடுக்களைக்குள் போய் நிற்கும். இரும்புத் தகடு அடித்து இறக்கினால் அதிர்வு, டயாஃப்ரம் வால், அதாவது மண்ணுக்குள் அகழி வெட்டி வார்க்கிற கான்கிரீட் சுவருக்கு உண்டான மெஷின் எங்கள் தெருவுக்குள் திரும்பாது. கடைசியில் நாகர்கோவிலிலேயே இன்னொரு டீமிடம் கொடுத்தேன்: சுற்றிலும் துளை போட்டு ஒன்றை ஒட்டி ஒன்றாகக் கான்கிரீட் பைல் (மண்ணுக்குள் இறங்கும் தூண்), மேலே எல்லாவற்றையும் பிணைக்கிற பீம், அப்புறம்தான் தோண்டல்.

பைல் வேலைக்குத் தாராளமாக முழு மார்க் கொடுக்கலாம். தொடங்கும் முன்பே பக்கத்து வீடுகளில் இருந்த விரிசல்களின் மேல் சாந்து அப்பித் தேதி எழுதிப் படம் எடுத்தார்கள். "மக்களே, செவரு நிக்குமா?" என்று தினமும் வந்து கேட்ட ஆச்சி, கடைசி நாள் வரை அந்தச் சாந்தைத் தடவிப் பார்த்தார், பிளக்கவே இல்லை.

குறை தண்ணீர் விஷயத்தில். இங்கே ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, தோண்டத் தோதான காலம் ஜனவரி முதல் மே வரைதான். இவர்கள் இழுத்து ஜூனில் கொண்டுபோய் விட்டார்கள். அதோடு, ராஃப்ட் (அடியில் முழுக்கப் போடுகிற கான்கிரீட் தளம்) போட்ட மறுவாரமே, ஊறுகிற தண்ணீரை இறைக்கும் பம்பை வேறு சைட்டுக்குத் தூக்கப் பார்த்தார்கள். அடியில் 2 மீட்டர் தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு 2 டன் மேல்நோக்கித் தள்ளும், 40 சென்டிமீட்டர் ராஃப்டின் எடையோ 1 டன்தான். மேலே தளங்கள் ஏறி எடை சேரும்வரை பம்ப் ஓடணும், இதை நான் சண்டை போட்டுத்தான் புரியவைத்தேன்.

ராஃப்டும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கிற வாட்டர் ஸ்டாப் பட்டையை ஒரு மூலையில் மடங்கவிட்டே கான்கிரீட் கொட்டியிருக்கிறார்கள், அங்கே ஒழுகியது. நாலு தடவை கூப்பிட்ட பிறகு வந்து, காசு வாங்காமல் கிரவுட் (இடுக்கை அடைக்கிற கலவை) ஏற்றிக் கொடுத்தார்கள். சரி, இப்போது ஒழுகல் இல்லை, கை வைத்தால் லேசாக ஈரம் மட்டும் இருக்கிறது.